செண்டுமல்லியும் இட்லிப்பூவும்: வாசல் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி நெருங்கும்போது சுங்கை பூலோ நர்சரிகளில் நிறையக் கார்களின் பின்பக்கம் ஒரே மாதிரிதான் நிரம்புகிறது. பத்துப் பதினைந்து செண்டுமல்லி நாற்று, வேலிக்கு இருபது இட்லிப்பூ பாலிபேக், ஒரு மூட்டை கறுப்பு மண், கூடவே மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டோலோமைட் என்ற சுண்ணாம்புத் தூள் ஒரு பை. எல்லாம் வீட்டு முன்னால் இருக்கும் ஒரே பாத்திக்கு. சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

செண்டுமல்லி ஒரு பருவச் செடி. விதைத்த 60, 70 நாளில் பூத்து, நாலு மாதத்துக்குள் ஆயுசு முடிந்துவிடும். இட்லிப்பூ என்றும் பசுமையான புதர். சரியாக நட்டால் பல வருடம் நிற்கும். செண்டுமல்லியில் செய்த தவறு செடியைப் பிடுங்கியதும் போய்விடும். இட்லிப்பூவில் செய்த தவறு மண்ணிலேயே தங்கி, வருடக்கணக்கில் செடியை வாட்டும். வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

குளிர்காலம் இல்லையே, செண்டுமல்லியும் பல வருடம் நிற்கும் என்று நினைப்பது

நிற்காது. விதை முற்றியதும் அதன் வேலை முடிந்தது. வாடிய பூவை உடனுக்குடன் கிள்ளினால் சில வாரம் கூடுதலாகப் பூக்கும், அவ்வளவுதான்.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். பெரிய பூச் செண்டுமல்லி பகல் குறுகினால் சீக்கிரம் மொட்டு விடும் இனம். அதனால் இங்கே செடி உயரும் முன்பே உச்சியில் ஒரு மொட்டு வந்து நிற்கும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு விட்டுவிட்டால் ஒரு செடிக்கு நாலைந்து பூவோடு சரி. நாலைந்து ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பூக்க ஒன்றிரண்டு வாரம் தாமதமாகும். ஆனால் பக்கக் கிளைகள் எல்லாம் பூக்கும். சின்னக் கப்பிலேயே பூத்திருக்கும் நாற்றை வாங்காதீர்கள். அதன் வேர் கப்புக்குள் சுருண்டு, செடி அதற்குள் முதிர்ந்திருக்கும்.

சிமெண்டுச் சுவரோரம் இட்லிப்பூ வேலி

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தாமான் (குடியிருப்புப் பகுதி) தாமானாக, வரிசை வீடுகளின் வாசலில் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. பணமும் போகிறது, செடியும் போகிறது. பார்க்கவே மனம் பொறுப்பதில்லை.

கார் நிறுத்தும் சிமெண்டுத் தரைக்கும் வேலிச் சுவருக்கும் நடுவில் ஓரடி அகல மண் இருக்கும். மேலே ஒரு சாண் செம்மண்; அதன் கீழே வீடு கட்டியவர்கள் விட்டுப்போன காரைக் கட்டி, உடைந்த செங்கல், சிமெண்டு கலந்த மணல். அங்கே இட்லிப்பூவை வரிசையாக நடுகிறார்கள். முதல் இரண்டு மூன்று மாதம் செடி பச்சைப்பசேலென்று இருக்கும், ஏனென்றால் வேர் இன்னும் பாலிபேக் மண்ணில்தான் இருக்கிறது. வேர் அதைத் தாண்டிக் காரைக்குள் போனதும் கொழுந்து வெளுக்க ஆரம்பிக்கும்.

இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண் வேண்டும், பி.எச். (புளிப்பைக் காட்டும் எண்; 7க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 5 முதல் 6 வரை இருந்தால் நல்லது. சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு அதை 7க்கு மேல் ஏற்றிவிடுகிறது. மண்ணில் இரும்பும் மாங்கனீசும் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும்.

அடுத்து நடப்பதுதான் வேதனை. இலை மஞ்சளானால் உரம் போதவில்லை என்று யூரியாவைப் போடுகிறார்கள். யூரியாவில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) புதுக் கொழுந்தைத் தள்ளும். அந்தக் கொழுந்துக்கும் இரும்பு கிடைக்காது, இன்னும் வெளுப்பாக வரும். பிறகு யாராவது, “மலேசிய மண் புளிப்பு மண், டோலோமைட் போடுங்கள்” என்பார்கள். காய்கறிப் பாத்திக்கு அது நல்ல யோசனை. சுவரோர இட்லிப்பூவுக்கு, இருக்கிற சுண்ணாம்போடு இன்னும் சுண்ணாம்பு சேர்வதுதான் பலன். கடைசியில் செடியைப் பிடுங்கிவிட்டு, அதே குழியில் புதுச் செடி வைக்கிறார்கள். சில மாதத்தில் அதே மஞ்சள்.

இலையைக் கிட்டத்தில் பாருங்கள். கொழுந்து இலை எலுமிச்சை மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சை வலை போல் தெரிந்தால் இரும்புக் குறைபாடு. பழைய இலை முழுக்க ஒரே சீராக மஞ்சளாகி, கொழுந்து பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறைபாடு. அப்போது உரம் போடலாம். பழைய இலையில் கருகிய புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் சாம்பல்சத்துக் (பொட்டாசியம்) குறைபாடு. சாம்பல்சத்து கூடிய 12:12:17:2 நீல உரம் மாதம் ஒரு மேசைக்கரண்டி, தண்டை ஒட்டாமல் சுற்றிலும் தூவலாம்.

நடுவதற்கு முன் ஒரு சோதனை. ஒரு சாண் ஆழத்திலிருந்து மண் எடுத்து, காயவைத்து, வினிகர் சில சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நுரைக்கவில்லை என்பதற்காக உடனே நிம்மதி அடைய வேண்டாம்; பி.எச். கிட் வைத்தும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரிசெய்யும் வழி இது. சுவரிலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளி, அகலமும் ஆழமும் 45 சென்டிமீட்டர் வருகிற மாதிரிக் குழி தோண்டி, காரையும் கல்லும் முழுக்க வெளியே போக வேண்டும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு தேங்காய்நார்த் தூள் கலந்து நிரப்புங்கள். எரித்த உமி, அடுப்புச் சாம்பல் இரண்டும் காரத்தன்மை உள்ளவை; இந்தக் கலவையில் சேர்க்கக்கூடாது. அறுபது சென்டிமீட்டர் தள்ள இடமில்லையென்றால் அங்கே இட்லிப்பூ வேலியே வேண்டாம். பெரிய தொட்டியில் வையுங்கள். அந்த ஓரடி மண்ணைக் கல் பொறுக்கி, மக்கிய உரம் போட்டுச் செண்டுமல்லிக்கு விட்டுவிடலாம், பி.எச். 6 முதல் 7 வரை அதற்கு ஒத்துப்போகும், கொஞ்சம் கூடினாலும் தாங்கும்.

ஏற்கெனவே நட்டு, தோண்ட முடியாத நிலை என்றால் இரும்புக் கீலேட் (மண்ணில் பூட்டிக்கொள்ளாதபடி செய்த இரும்புச் சத்து) வாங்குங்கள். பாக்கெட்டில் இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. (EDTA) வகை, பி.எச். 6.5 தாண்டிய மண்ணில் பெரிதாக உதவாது. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கலந்து வேரில் ஊற்றுங்கள். இரும்பு சல்பேட்டை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து மாலையில் இலையில் தெளிப்பதும் உண்டு. ஆனால் நீர் பட்ட இலைதான் பச்சையாகும், அடுத்த கொழுந்து மறுபடி வெளுக்கும். சிமெண்டுத் தரையில் சிந்தினால் துருக்கறை போகாது.

இரண்டையும் ஒட்டி நடுவது

இட்லிப்பூவின் உணவு வேர்கள் மேல்மண்ணிலேயே பரவும். செண்டுமல்லியை நாலு மாதத்துக்கு ஒருமுறை பிடுங்கிக் கொத்தும்போது அந்த வேர்கள் அறுபடும். நடுவில் 45 சென்டிமீட்டராவது விடுங்கள். டோலோமைட் தேவைப்பட்டால் செண்டுமல்லி வரிசைக்கு மட்டும் போடுங்கள். மழை அதை இட்லிப்பூ பக்கம் அடித்துக்கொண்டு போகாதபடி, சரிவில் கீழ்ப்பக்கமாகச் செண்டுமல்லி இருக்கட்டும்.

வேலியை மாதாமாதம் மட்டமாக வெட்டுவது

மொட்டு கிளை நுனியில்தான் வரும். மாதம் தவறாமல் நுனியை வெட்டினால் பச்சைச் சுவர் கிடைக்கும், பூ கிடைக்காது. ஒரு சுற்றுப் பூ உதிர்ந்ததும் வெட்டிவிட்டு, அடுத்த சுற்றுப் பூக்கும் வரை கத்தரிக்கோலைத் தொடாதீர்கள்.

ஹைபிரிட் செண்டுமல்லியில் விதை எடுப்பது

வேண்டாம். அடுத்த தலைமுறை கலவையாக வரும்.

இட்லிப்பூவில் எறும்பு

இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். மாவுப்பூச்சியோ செதிள் பூச்சியோ இருக்கும்.

பண்டிகைக் கணக்கை மழையோடு சேர்த்துப் பார்க்காதது

தீபாவளிக்குப் பூ வேண்டுமென்றால் 70 நாள் முன்னால் விதைக்க வேண்டும். ஆனால் அந்தப் பூ விரிகிற அக்டோபர், நவம்பர்தான் கோலாலம்பூரில் பெருமழைக் காலம். பினாங்கிலும் செப்டம்பர், அக்டோபரில் நல்ல மழை. பெரிய பூ தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தண்டை ஒடிக்கும், இதழுக்குள் சாம்பல் பூசணம் பிடிக்கும். அந்தப் பருவத்துக்குக் குட்டை வகையே நல்லது. உயர வகை போட்டால் செடிக்கு ஒரு மூங்கில் குச்சி நட்டு, மழை விட்டதும் பூவைச் சாய்த்துத் தண்ணீரை உதறுங்கள். பூசணம் பட்ட பூவை அன்றைக்கே கிள்ளிக் குப்பையில் போடுங்கள்.

தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்குப் பினாங்கில் பூ வளர்ப்பவர்களுக்கு நிலைமை எளிது. நவம்பர் நடுவில் விதைத்தால், பூக்கும்போது ஜனவரி, பிப்ரவரியின் வறண்ட நாட்கள் வந்துவிடும். அப்போது வருவது சிலந்திப்பேன். இலை மேல்பக்கம் பொடிப்பொடியாக வெளுத்தால், காலை வேளையில் ஹோஸ் பைப்பால் இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகத் தண்ணீர் அடியுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு வாரத்துக்கு.