ஷட்டில் ஓட்டம்: பொலிஸுக்குப் போகும் பிள்ளைகளை அளவு பிசகாமல் சோதிக்க

பொலிஸுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் முதலில் வர்த்தமானி அறிவித்தலைக் கையில் எடுங்கள். உயரம், மார்பளவு, மற்றத் தகைமைகள் எல்லாம் அதில் உள்ளபடிதான். போன முறை சேர்ந்த அண்ணன் சொன்ன கணக்கு இம்முறை சரிவராமல் போகலாம்.

அறிவித்தலில் கேட்காவிட்டாலும், மூச்சுத் திறனை மலிவாக அளக்க ஷட்டில் ஓட்டம் போதும். இரு கோடுகளுக்கு நடுவே 20 மீற்றர். ஒலிப்பதிவில் வரும் அடுத்த பீப் ஒலிக்குமுன் எதிர்க்கோட்டைத் தொட வேண்டும். வேகம் மணிக்கு 8.5 கிலோமீற்றரில் தொடங்கி, ஏறக்குறைய ஒவ்வொரு நிமிடமும் 0.5 கூடும்; அந்த ஒவ்வொரு படியும் ஒரு கட்டம். ஐந்தாம் கட்டத்தில் ஒரு தடவை ஓட 6.9 செக்கன்தான் கிடைக்கும்.

பெரும்பாலும் பிழைப்பது தூரத்தில்தான். காலடியால் அளக்காதீர்கள், துணி நாடாவும் இழுபடும், இரும்பு நாடாவே பிடியுங்கள். பாதை அரை மீற்றர் குறைந்தால் 40 தடவையில் ஒரு முழு ஓட்டமே மிச்சமாகிவிடும். பிள்ளை தேறிவிட்டதாக நம்பிப் போய் உண்மைச் சோதனையில் விழும். ஒலிப்பதிவையும் சோதியுங்கள்: முதற் கட்டத்தின் ஏழு ஓட்டங்களும் சேர்ந்து 59 செக்கனளவில் முடிய வேண்டும். இங்கிலாந்துப் பொலிஸ் 15 மீற்றர் பாதையில் 5.4 கட்டத்தை (ஐந்தாம் கட்டத்தின் நாலாவது ஓட்டம்), ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே, கேட்கிறது. அந்த ஒலிப்பதிவை 20 மீற்றரில் போட்டால் முடிவு எதற்கும் உதவாது.

இடம்? திருகோணமலை உப்புவெளிக் கடற்கரை மணல் கெண்டைக்காலுக்கு நல்ல வேலை கொடுக்கும், ஆனால் சோதனைக்கு வேண்டாம். கால் புதையும், திரும்பும்போது சறுக்கும். இறுகிய புல்தரை பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. பாதையைக் காற்றுக்குக் குறுக்காகப் போட்டால் ஒரு பக்கம் தள்ளி மறுபக்கம் இழுக்கும் தொல்லை குறையும். காற்றில் பீப் கேட்காது. ஸ்பீக்கரை நடுவில் வையுங்கள்.

திரும்பும் முறையைத் தனியாகப் பழக்குங்கள். ஒரு கால் கோட்டில் பட்டதும் உடம்பைத் தாழ்த்தி அங்கேயே திரும்ப வேண்டும். வளைந்து சுற்றி வரும் பெடியள் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று அடி கூடுதலாக ஓடுகிறார்கள். முதல் இரண்டு கட்டத்தில் பாய்ந்தோடிக் கோட்டில் காத்து நிற்பதும் வீண். பீப்போடு சேர்ந்து போய்ச் சேருவதே கெட்டித்தனம்.

இரண்டு தடவை தொடர்ந்து பிந்தினால் நிறுத்தி, கட்டத்தையும் ஓட்டத்தையும் எழுதுங்கள். நெஞ்சு நோ, தலைச்சுற்று என்றால் அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்தியரிடம் அனுப்புங்கள். அவர் சரி சொல்லும்வரை மறுசோதனை இல்லை.