முகத் தமனியின் குருதியோட்டத்தை டாப்ளரால் அளக்கும் முறை

வாய்ப்புற்று அறுவையில் நாக்கையோ தாடையையோ அகற்றியபின், கை அல்லது காலிலிருந்து எடுத்த திசுவை அங்கே பொருத்தும்போது, அதற்குக் குருதி தர மருத்துவர்கள் பெரும்பாலும் நாடுவது முகத் தமனியைத்தான். முன்பே கழுத்தில் அறுவையோ கதிர்வீச்சோ பெற்றவர்களுக்கு அத்தமனி கட்டப்பட்டோ சுருங்கியோ போயிருக்கக்கூடும் என்பதால், அதை முன்னதாகவே அல்ட்ராசவுண்டில், டாப்ளர் வசதியுடன் (ஓடும் குருதியில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு வேகத்தைக் கணிக்கும் முறை) பார்ப்பது நல்லது.

நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, முகத்தை மறுபக்கம் சற்றே திருப்பி, சில நிமிடங்கள் பேசாமல் இருக்கச் சொல்ல வேண்டும். பற்களை ஒருமுறை இறுகக் கடித்தால் கன்னத்தின் பின்பகுதியில் மெல்லும் தசை புடைக்கும். அதன் முன் விளிம்பு கீழ்த்தாடையின் அடிவிளிம்பைத் தொடும் இடத்தில் விரல்நுனியை வைத்தால் துடிப்பு தட்டுப்படும். பிறகு தாடையைத் தளர்த்தச் சொல்லிவிட்டு, 12 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட லீனியர் புரோபை (ஒலியலையை அனுப்பிப் பெறும், நேரான முகப்புள்ள கைக்கருவி) அங்கே வைக்கலாம்.

ஜெல்லைத் தாராளமாக இட்டு, புரோப் தோலை அழுத்தாமல் ஜெல்லின் மீதே நிற்கும்படி பிடிக்க வேண்டும். அடியில் எலும்பு இருப்பதால் இலேசான அழுத்தமே தமனியை நசுக்கி, வேகத்தையும் விட்டத்தையும் மாற்றிவிடும். குறுக்குவெட்டில் துடிக்கும் வட்டம் தமனி. அதன் பின்னால், தொட்டாலே அமுங்கிப்போவது சிரை.

அடுத்து புரோபை 90 பாகை திருப்பி, நீளவாக்கில் காண வேண்டும். இத்தமனி வளைந்து வளைந்து செல்லும் இயல்புடையது. ஆகவே நேரான ஒரு துண்டு கிடைக்கும்வரை பொறுமையாகத் தேடிவிட்டு, அதற்குப் பின்னரே டாப்ளர் அலைவடிவத்தை (நேரத்தோடு வேகம் மாறுவதைக் காட்டும் வரைபடம்) பதிய வேண்டும். கோணத் திருத்தக் கோட்டைத் தமனிச் சுவருக்கு இணையாக வைத்து, ஒலிக்கற்றைக்கும் குருதியோட்டத்துக்கும் இடையிலான கோணம் 60 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளவும். உண்மையில் 65 பாகையாக இருப்பதை 60 என்று குறித்தால் வேகம் 15 விழுக்காட்டுக்கு மேல் குறைவாகக் காட்டும்; 30 பாகைக்கு அருகில் அதே பிழை ஏறத்தாழ 5 விழுக்காடுதான்.

உச்ச வேகத்திலிருந்து இதய விரிவின் இறுதி வேகத்தைக் கழித்து, வந்ததை உச்ச வேகத்தால் வகுத்தால், தமனிக்கு அப்பாலுள்ள குழாய்கள் ஓட்டத்தை எவ்வளவு தடுக்கின்றன என்பதைக் காட்டும் எதிர்ப்புக் குறியீடு கிடைக்கும். இதற்குக் கோணம் தேவையில்லை. நிமிடத்துக்கு எவ்வளவு குருதி ஓடுகிறது என்று அறிய, குறுக்குவெட்டுப் பரப்பை நேரச் சராசரி வேகத்தால் பெருக்கி, 60-ஆல் பெருக்க வேண்டும். விட்டம் 2 மில்லிமீட்டர், சராசரி வேகம் நொடிக்கு 15 சென்டிமீட்டர் என்றால் விடை ஏறத்தாழ 28 மில்லிலிட்டர். ஒவ்வொரு கணத்தின் உச்ச வேகங்களைச் சராசரியாக்கிய எண்ணை இயந்திரம் முன்னே காட்டினால் அதை எடுக்கக் கூடாது. குழாயின் முழு அகலத்தையும் உள்ளடக்கிய கேட்டில் (வேகம் அளக்கப் படத்தில் குறிக்கும் சிறு பகுதி) கிடைக்கும் சராசரியே சரியானது.

என் கணிப்பில், இந்தக் கணக்கை மிகுதியும் கெடுப்பது விட்டமே. அது தன்னாலேயே பெருக்கப்பட்டு (வர்க்கமாக) கணக்கில் நுழைவதால், 10 விழுக்காடு கூடுதலாக அளந்தால் ஓட்டம் 21 விழுக்காடு கூடிவிடும். படத்தைப் பெரிதாக்கி, குருதியோட்டத்தைக் காட்டும் டாப்ளர் வண்ணத்தை அணைத்து, சுவரின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புவரை பலமுறை அளந்து சராசரி காண்க.

தமனியைக் கண்ணோரம்வரை தொடர்ந்து பார்க்க வேண்டியிருந்தால், அதற்குமுன் இயந்திரத்தைக் கண்ணுக்குரிய குறைந்த ஆற்றல் அமைப்புக்கு மாற்றியாக வேண்டும். அறிக்கையில் வேகத்துடன் கோணம், விட்டம், அளந்த இடம், பக்கம் ஆகியவற்றையும் எழுதவும்.