அரசியல் கோட்பாட்டுத் தாளில் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

மக்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் கொண்டு அரசை விளக்கிய ஹாப்ஸ், லாக், ரூசோ மூவரையும் ஓர் அட்டவணையில் போட்டு, இயற்கை நிலை (அரசே இல்லாத நிலை), ஒப்பந்தம், அரசு என்று கட்டம் கட்டி மனப்பாடம் செய்வது இளநிலை மாணவர்கள் பலருடைய வழக்கம். கட்டத்துக்குள் முடிவு மட்டும்தான் அடங்கும். அந்த முடிவுக்குச் சிந்தனையாளர் எந்த வழியாக வந்தார் என்பது விடுபட்டுப்போகும். கேள்வி கேட்கப்படுவதோ பெரும்பாலும் அந்த வழியைப் பற்றித்தான்.

‘மனிதன் இயல்பிலேயே கெட்டவன் என்றார் ஹாப்ஸ்’ என்ற வரியை எடுத்துக்கொள்வோம். 1651இல் வெளியான ‘லெவியத்தான்’ நூலின் 13ஆம் அதிகாரம் சொல்வது வேறு. மனிதர்கள் வலிமையிலும் அறிவிலும் ஏறத்தாழச் சமம்; நலிந்தவனும் சூழ்ச்சி செய்தோ பிறரோடு சேர்ந்தோ வலியவனைக் கொன்றுவிடலாம். சமமான இருவர் ஒரே பொருளை விரும்பினால் போட்டி. போட்டியிலிருந்து அவநம்பிக்கை: அவன் தாக்குமுன் நான் தாக்கிவிட வேண்டும். இவற்றோடு புகழாசையும் சேர்கிறது. ஆசைகள் தம்மளவில் பாவமல்ல என்றும் அங்கேயே எழுதுகிறார். நல்லவனையும் இந்த நிலை முந்திக்கொள்ள வைக்கும். எல்லாரையும் அடக்கும் பொது அதிகாரம் இல்லாததுதான் அவர் கண்ட சிக்கல்.

‘அப்படியொரு காலம் இருந்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை’ என்று ஹாப்ஸை மறுப்பது அடுத்த சறுக்கல். உலகம் முழுவதும் அப்படி இருந்ததில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். சட்டமும் காவலும் இருக்கும்போதே தூங்கப்போகுமுன் கதவைத் தாழிடுகிறோமே, அது எதைக் காட்டுகிறது என்பது அவருடைய வாதம். இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு: ஒருவரையொருவர் நம்பாதவர்கள், முதல் ஒப்பந்தத்தை மட்டும் எதை நம்பிச் செய்தார்கள்?

ரூசோவின் பொது விருப்பத்தைப் பெரும்பான்மை வாக்கு என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. 1762இல் வந்த ‘சமூக ஒப்பந்தம்’ நூலின் இரண்டாம் பகுதி, மூன்றாம் அதிகாரத்தில் அனைவரின் விருப்பம் வேறு, பொது விருப்பம் வேறு என்று பிரித்துவிடுகிறார். ஒரு வரி விதிப்பு பற்றி வாக்கெடுப்பு என்று வைத்துக்கொள்வோம். ‘எனக்கு எது லாபம்?’ என்று யோசித்து அத்தனை பேரும் ஒருமனதாக வாக்களித்தாலும் கிடைப்பது தனி நலன்களின் கூட்டுத்தொகைதான். பொது விருப்பம் ‘எல்லாருக்கும் எது நன்மை?’ என்ற கேள்விக்கான விடை.

மேற்கோள்களிலும் எச்சரிக்கை வேண்டும். ‘நோக்கமே வழிமுறையை நியாயப்படுத்தும்’ என்ற வாசகம் இத்தாலியச் சிந்தனையாளர் மாக்கியவெல்லி எழுதியதல்ல. ‘அரசு உலர்ந்து உதிரும்’ என்ற சொல்லாட்சி மார்க்ஸுடையது அல்ல, எங்கெல்ஸுடையது.

இருபதாம் நூற்றாண்டுத் தத்துவவாதி ஜான் ரால்ஸுக்கு வந்தால், அவருடைய நீதிக் கொள்கைகளின் முன்னுரிமை வரிசையை மறந்துவிடுகிறார்கள். அடிப்படைச் சுதந்திரங்கள் முதலில், நியாயமான வாய்ப்புச் சமத்துவம் அடுத்து, மிகப் பின்தங்கியோருக்கு நன்மை தரும் ஏற்றத்தாழ்வு மட்டுமே ஏற்கத்தக்கது என்ற விதி கடைசியில். வருமானம் கூடும் என்பதற்காகப் பேச்சுரிமையை விட்டுக்கொடுக்க இந்த வரிசை இடம் தராது.

படிக்கும் முறையை மாற்றினால் பாதிப் பிழைகள் குறையும். ‘லெவியத்தான்’ முழுவதும் வேண்டாம். 13, 14, 17, 18, 21 அதிகாரங்கள் தொடக்கத்துக்குப் போதும். அரசாங்கம் பற்றிய லாக்கின் இரண்டாம் ஆய்வுரையில் 2, 5, 9, 19 ஆகிய அதிகாரங்கள். ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்; அதில் ‘ஏனெனில்’ இருக்க வேண்டும். அந்தச் சொல் வரவில்லை என்றால் முடிவை மட்டும் குறித்திருக்கிறீர்கள், பத்தியை மறுபடி படியுங்கள்.

‘பெண்ணியவாதிகளும் இதை விமர்சித்தனர்’ என்று கடைசியில் ஒட்டப்படும் ஒற்றை வரியும் வீண். அந்த விமர்சனம் மூலநூலின் எந்த இடத்தைத் தாக்குகிறது என்று காட்டுங்கள். இயற்கை நிலையில் பிள்ளை மீதான அதிகாரம் தாய்க்கே என்று ‘லெவியத்தான்’ 20ஆம் அதிகாரத்தில் ஹாப்ஸ் சொல்கிறார். அரசு அமைந்தபின் அது பெரும்பாலும் தந்தைக்குப் போகிறது. காரணமாக அவர் சொல்வது, அரசுகளைப் பெரும்பாலும் நிறுவியவர்கள் தந்தையர் என்பது மட்டுமே. தாயின் சம்மதம் எப்போது பெறப்பட்டது என்பதற்கு அங்கே பதில் இல்லை. பெண்ணியச் சிந்தனையாளர் கரோல் பேட்மன் 1988இல் எழுப்பிய கேள்வி இந்த இடைவெளியிலிருந்து தொடங்குகிறது.