டீம் டின்னரில் "யாருக்கு ஓட்டு?" என்று கேட்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் முடிந்த வாரத்தில் ஆபீஸ் டின்னர் வைத்தால், சூப் வருவதற்குள் யாராவது உங்கள் இடது ஆள்காட்டி விரலில் இருக்கும் மையைப் பார்த்துவிடுவார்கள். "போட்டாச்சா? சரி, யாருக்கு?" கேட்பவர் பெரும்பாலும் சும்மாதான் கேட்கிறார். ஆனால் உங்கள் அப்ரைசலை எழுதுகிறவரும் அதே மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கேட்டால் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. யாருக்கு வாக்களித்தார் என்று சொல்லும்படி எந்தச் சாட்சியையும், வேறு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 94-ஆவது பிரிவு. மத்திய அரசு ஊழியர்களுக்கு இன்னும் கண்டிப்பு. ஓட்டுப் போடலாம், ஆனால் யாருக்கு என்று கோடி காட்டக்கூடாது என்பது 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 5-ஆவது விதி. எனவே, "அது ரகசியமாவே இருக்கட்டும் சார்" என்று சிரித்த முகத்தோடு சொன்னால் போதும். காரணம் எதுவும் அடுக்காதீர்கள். காரணம் சொன்னால் அதற்கு ஒரு மறுகேள்வி வரும்.

மேலாளர் மனம் குளிர "ஆமா சார், நானும் அதே கட்சிதான்" என்று ஒத்து ஊதுவதும் வேண்டாம். அன்று இரவு அது சுலபமாக இருக்கும். மறுநாளிலிருந்து அவர் அனுப்பும் ஒவ்வொரு வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கும் தலையாட்ட வேண்டி வரும்.

"எனக்கு அரசியலே பிடிக்காது, எல்லாம் சாக்கடை" என்கிற பதில் பாதுகாப்பானது போலத் தெரியும். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே மோசமான பதில் இதுதான். அதே மேஜையில் இட ஒதுக்கீட்டில் படித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வந்தவர் இருக்கலாம். அவருக்கு அந்த வேலையே அரசியல் வாங்கிக் கொடுத்தது. அவர் முகத்துக்கு நேரே அதைச் சாக்கடை என்று சொல்கிறோம்.

இன்னொன்று, கட்சியைப் பற்றிய கேள்வியையும் கொள்கையைப் பற்றிய கேள்வியையும் ஒன்றாக எடுத்துக்கொள்வது. லக்னோவிலிருந்து வந்த சக ஊழியர், "உங்க ஊர் அரசுப் பள்ளியில ஏன் இந்தி இல்லை?" என்று கேட்டால் சிலருக்கு முகம் இறுகிவிடுகிறது. அவர் உங்கள் ஓட்டைக் கேட்கவில்லை. 1965-இல் நடந்த போராட்டத்தைச் சொல்லுங்கள். 1968-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் நிறைவேறியதையும், அதற்குப் பிறகு திமுக, அதிமுக இரண்டின் ஆட்சியிலும் அது தொடர்ந்ததையும் சொல்லுங்கள். உங்கள் கட்சி எது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது, ஆனால் கேட்ட விஷயம் புரிந்திருக்கும். இப்படிப்பட்ட பேச்சைத் தவிர்க்கவே கூடாது என்பேன். வேறு மாநிலத்துக்காரர் நம்மைப் பற்றி நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எது?

"சொந்த ஊர் எது? அங்கெல்லாம் அந்தக் கட்சிதானே?" என்று சுற்றி வளைத்து வருகிற கேள்வி வேறு வகை. நம் ஊரில் அது பல சமயம் சாதியைத் தெரிந்துகொள்ளும் வழி. ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலும் தோண்டினால், "இது ஆபீஸ்ல வேண்டாமே" என்று நேராகச் சொல்லிவிடலாம். கூச்சப்பட்டு உளறிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

அப்புறம், டீம் லீடாக இருப்பவர்களுக்கு: நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள், வேடிக்கைக்காகக்கூட. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளால் உங்களிடம் "சொல்ல மாட்டேன்" என்று சொல்ல முடியாது. வேறு யாராவது கேட்டு அவர்கள் மழுப்பிக்கொண்டிருந்தால், "விடுங்கப்பா, அது அவங்க விஷயம்" என்று நீங்களே முதலில் சொல்லி, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.