காடா வளந்த வேலிச்செடிய வெட்ட எந்த கருவி வாங்கலாம்

ரெண்டு வருஷமா யாரும் கை வைக்கல, செடி ஆள் உயரத்த தாண்டிடுச்சு, நடக்கிற பாதைய பாதி அடைச்சுக்கிட்டு நிக்குது, உள்ள ஏதோ ஒரு கொடி வேற சுத்திக்கிட்டு இருக்கு. இப்படி ஒரு வேலிய ஒழுங்கு பண்ணணும்னு கிளம்பறவங்க பெரும்பாலும் முதல்ல தேடறது மோட்டார்ல ஓடற ஹெட்ஜ் ட்ரிம்மர் தான். வீடியோல பாத்தா சர்ருனு போகும், ஒரு மணி நேரத்துல சுவர் மாதிரி நேரா நிக்கும். ஆனா அந்த வீடியோவுல இருக்கிறது அடிக்கடி வெட்டி பழக்கப்பட்ட செடிங்க, அங்க பிளேடுக்கு மாட்டறது இளந்துளிர் மட்டும் தான். நம்ம செடியில வெட்ட வேண்டியது கட்டை. நானும் மொத தடவ ட்ரிம்மர தூக்கிட்டு நேரா உள்ள விட்டவன் தான், பத்தாவது நிமிஷம் விரல் தடிமன் கிளை ஒண்ணு ரெண்டு பல்லுக்கு நடுவுல சிக்கி மோட்டார் உர்ர்னு உறுமிட்டு நின்னுடுச்சு, இழுத்து எடுத்து பாத்தா ஒரு பல்லு வளைஞ்சிருக்கு.

அதனால எதையும் வாங்கறதுக்கு முன்னாடி செடிகிட்ட போய் நில்லுங்க. முழுக்கை சட்டை போட்டுக்கங்க, ஒரு பென்சில் எடுத்துக்கங்க. தழைய ரெண்டு கையால விலக்கி உள்ள எட்டி பாருங்க. வெளிய ஒரு சாண் அளவுக்கு தான் பச்சை இருக்கும், அதுக்கு உள்ள வெளிச்சமே படாம இலை இல்லாத பழுப்பு குச்சிங்க ஒண்ணு மேல ஒண்ணு பின்னிக்கிட்டு கிடக்கும், காஞ்சு போனது பாதி உயிரோட இருக்கிறது பாதி. இப்ப நீங்க எந்த இடத்துல வெட்டப்போறீங்களோ அந்த ஆழத்துல கிளை எவ்ளோ தடிமன்னு பாருங்க. பென்சில் தடிமனா, கட்டைவிரல் தடிமனா, இல்ல ரெண்டு மூணு விரல சேத்து வச்ச அளவா. பென்சில் சுமாரா 7 மி.மீ., கட்டைவிரல் சுமாரா 2 செ.மீ., மூணு விரல் சேந்தா 5 செ.மீ. பக்கம் வரும். கருவி வாங்கறதுக்கு இந்த மூணு அளவு போதும், கடையில யார் என்ன சொன்னாலும் இந்த கணக்க மனசுல வச்சுக்கங்க.

பென்சில் தடிமன் வரைக்கும் தான் ரெண்டு கையால பிடிச்சு வெட்டற பெரிய வேலிக்கத்தரி, அதாவது ஹெட்ஜ் ஷியர். அதுக்கு மேல கட்டைவிரல் வரைக்கும் ஒத்த கையில பிடிக்கிற கவாத்து கத்தரி, ப்ரூனர்னு கேட்டாலும் அத தான் குடுப்பாங்க. கட்டைவிரல தாண்டிட்டா நீளமான ரெண்டு கைப்பிடி வச்ச லாப்பர், 4 செ.மீ. வரைக்கும் நிம்மதியா போகும். அதுக்கும் மேலன்னா யோசிக்கவே வேண்டாம், ரம்பம் தான்.

காடா வளந்த செடிக்கு ரெண்டே ரெண்டு பொருள் தான் வாங்க முடியும்னா நான் கவாத்து கத்தரியும் மடக்கு ரம்பமும் தான் சொல்வேன். இந்த ரெண்ட வச்சு பொறுமையா பண்ணா எப்பேர்ப்பட்ட வேலியையும் இறக்கிடலாம், ட்ரிம்மர் மட்டும் இருந்தா அது முடியாது.

கவாத்து கத்தரியில ரெண்டு வகை இருக்கு, இந்த இடத்துல தான் நெறைய பேர் தப்பா வாங்கிட்டு வந்துடறாங்க. ஒண்ணு பைபாஸ், சாதாரண கத்தரி மாதிரி ஒரு பிளேடு இன்னொண்ண உரசிக்கிட்டு தாண்டி போகும். இன்னொண்ணு ஆன்வில், கத்தி நேரா கீழ வந்து ஒரு தட்டையான பலகை மேல உக்காரும், காய்கறி பலகையில கத்திய வச்சு அழுத்தற மாதிரி. உயிரோட இருக்கிற பச்சைக் கிளைக்கு பைபாஸ் தான் வேணும். ஆன்வில்ல பச்சைக் கிளைய வெட்டி வெட்டுவாய பக்கத்துல வச்சு பாருங்க, ஒரு பக்கம் சுத்தமா இருக்கும், பலகை பட்ட பக்கம் பட்டை நசுங்கி நார் நாரா பிரிஞ்சு நிக்கும், அந்த நசுங்கின இடம் சீக்கிரம் பழுப்பாகி காய ஆரம்பிக்கும், பூஞ்சை நுழையறதும் அங்க தான். காஞ்ச கட்டைக்கு ஆன்வில் நல்லா இருக்கும், அழுத்தம் நேரா விழறதால கத்தி விலகாது. உங்க வேலி உள்ள காஞ்ச குச்சி ரொம்ப அதிகம்னா ஆன்வில் ஒண்ணு கூடுதலா வச்சுக்கலாம், ஒண்ணு தான் வாங்கறீங்கன்னா பைபாஸ்.

கையில எடுத்து பாத்து வாங்குங்க. முழுசா திறந்தா உங்க விரல் எல்லாம் கீழ் கைப்பிடிய சுத்தி வரணும், விரல் நுனிதான் தொடுதுன்னா அது உங்க கைக்கு பெருசு, நூறு தடவ அழுத்தினதும் மணிக்கட்டு சொல்லிடும். மூடிட்டு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு பாருங்க, பிளேடு ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி தெரியக்கூடாது. ஒரு காகிதத்த நுனியில வச்சு வெட்டி பாருங்க, வெட்டாம மடக்கி உள்ள இழுத்துக்கிச்சுன்னா வேண்டாம். நடுவுல இருக்கிற ஆணி கழட்டற மாதிரி நட்டு போட்டிருக்கணும், ரிவிட் அடிச்சு மூடி வச்சது லூஸ் ஆனா அதோட கதை முடிஞ்சது. ஸ்பிரிங்கும் பிளேடும் தனியா கிடைக்குமான்னு கட்டாயம் கேளுங்க. இடது கை பழக்கம் உள்ளவங்களுக்கு தனியா இடது கை மாடல் இருக்கு, வலது கை கத்தரிய வச்சு கஷ்டப்பட வேண்டாம்.

வெட்டும்போது கூர்மையான பிளேடு செடியில நிக்கப்போற பக்கம் இருக்கணும், வளைஞ்ச மொக்கை பக்கம் கீழ விழப்போற துண்டு பக்கம் இருக்கணும். அப்புறம் கிளை மாட்டிக்கிச்சுன்னா கத்தரிய பக்கவாட்டுல முறுக்காதீங்க. அப்படி முறுக்க வேண்டி வந்தாலே அந்த கிளைக்கு கருவி பத்தலன்னு அர்த்தம், கீழ வச்சுட்டு லாப்பர எடுங்க.

லாப்பர்லயும் அதே பைபாஸ் ஆன்வில் கணக்கு தான். கைப்பிடி நீளமா இருந்தா பலம் கம்மியா போட்டா போதும், முள்ளு செடிக்குள்ள கையும் போக வேண்டாம், ஆனா நெருக்கமான செடிக்குள்ள நீளக் கைப்பிடிய விரிக்க இடம் கிடைக்காது, அதனால சுமாரா 60 செ.மீ. நீளம் உள்ளது வேலி வேலைக்கு வசதி. கைப்பிடி ரெண்டும் வந்து மோதற இடத்துல ரப்பர் கட்டை இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ஒவ்வொரு வெட்டுக்கும் அந்த அதிர்வு முழங்கை வரைக்கும் ஏறும். கையில பலம் கம்மியா இருக்கிறவங்க ராட்செட் வச்சது பாக்கலாம், ஒரே அழுத்தா இல்லாம நாலு அழுத்தா பிரிச்சு வெட்டும், மெதுவா தான் போகும் ஆனா வலி இல்லாம முடியும். அதுல பெரும்பாலும் ஆன்வில் தான் வரும்ங்கறத மறந்துடாதீங்க.

ரம்பம் வாங்கும்போது மரவேலைக்கு உள்ளத வாங்கிடாதீங்க. பச்சைக் கட்டையில ஈரம் இருக்கும், பொடிப் பல்லு வச்ச ரம்பத்துல தூள் அப்பிக்கிட்டு நகராது. கவாத்து ரம்பத்துல பல்லு பெருசா இடைவெளி விட்டு இருக்கும், பிளேடு லேசா வளைஞ்சும் இருக்கும், இழுக்கும்போது தான் வெட்டும். அதனால தள்ளும்போது பலம் போடாதீங்க, பிளேடு மடங்கிடும். பிளேடு நீளம் கிளை தடிமனுக்கு ரெண்டு மடங்காவது இருக்கணும், வேலிக்குள்ள வேலை செய்ய 18ல இருந்து 24 செ.மீ. மடக்கு ரம்பம் தாராளம். திறந்தா பூட்டு டக்குனு விழுதான்னு பாத்துக்கங்க, வெட்டும்போது மடங்கினா விரல் போயிடும். பல்லு நுனி மட்டும் கருநீலமா தெரிஞ்சா அது சூட்டுல கடினமாக்கினது, ரொம்ப நாள் உழைக்கும் ஆனா அரம் போட்டு கூர் பண்ண முடியாது, மழுங்கினா பிளேட மாத்தணும். கனமான கிளைன்னா முதல்ல கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுத்துட்டு அப்புறம் அதுக்கு சற்று வெளிய மேல இருந்து அறுங்க, இல்லன்னா பாதி அறுக்கும்போதே கிளை சாஞ்சு பட்டைய கீழ வரைக்கும் உரிச்சுக்கிட்டு போயிடும்.

அரிவாள் இருக்கே, அது போதாதான்னு கேக்கலாம். வேரோட எடுக்கப்போற செடிக்கும் வெட்டி கீழ போட்ட கிளைய துண்டு போடறதுக்கும் சரி. செடியில நிக்கப்போற கிளைய அரிவாள்ல வெட்டினா நுனி பிளந்து தான் நிக்கும், அதுவும் நெருக்கமான செடிக்குள்ள ஓங்கறது ஆபத்து.

பெரிய வேலிக்கத்தரி பத்தி கொஞ்சம். கட்டைய எல்லாம் இறக்கி ரெண்டு மூணு மாசத்துல புது துளிர் வந்ததுக்கு அப்புறம் தான் இதுக்கு வேலை. பிளேடு 20, 25 செ.மீ. இருந்தா போதும். எடை தான் முக்கியம், நெஞ்சு உயரத்துக்கு தூக்கி முப்பது தடவ சும்மா திறந்து மூடி பாருங்க, தோள் வலிச்சா அத விட லேசானத எடுங்க. அலை அலையா இருக்கிற பிளேடு குச்சிய நழுவ விடாது, ஆனா வீட்ல கூர் பண்றது கஷ்டம், நேர் பிளேடுன்னா அரம் போதும்.

இப்ப ட்ரிம்மருக்கு வருவோம். வேலி நீளம் அதிகம், வருஷத்துக்கு நாலஞ்சு தடவ வெட்ட வேண்டியிருக்குன்னா அது நல்ல முதலீடு தான், ஆனா முதல் தடவ இறக்கறதுக்கு இல்ல, அதுக்கு அப்புறம் பராமரிக்க. பெட்டியில பாக்க வேண்டியது பல் இடைவெளி, 16 மி.மீ., 20 மி.மீ. இப்படி போட்டிருப்பாங்க, அதுக்கு மேல தடிமன் உள்ள கிளை உள்ள நுழையாது, நுழைஞ்சாலும் அந்த அளவ ஒட்டி இருக்கிறத தொடர்ந்து வெட்டினா மோட்டார் திணறும், அதனால போட்டிருக்கிறத விட கொஞ்சம் கம்மியாவே கணக்கு வச்சுக்கங்க. பிளேடு 45 செ.மீ. இருந்தா வளைவு, மூலை எல்லாம் கைக்கு அடங்கும், நீள சுவர் மாதிரி வேலிக்கு 55, 60 போகலாம். ரெண்டு பிளேடும் எதிரெதிரா ஓடற மாடல் எடுங்க, ஒரு பிளேடு மட்டும் ஓடறத விட கையில அதிர்வு ரொம்ப கம்மி. ரெண்டு கையும் ஸ்விட்ச்ல இருந்தா தான் ஓடணும், கைய எடுத்த உடனே நிக்கணும்.

வயர் வச்சது லேசா இருக்கும், சார்ஜ் தீராது, ஆனா வயர வெட்டிடற ஆபத்து எப்பவும் இருக்கு. வயர தோளுக்கு மேல பின்னாடி போட்டுக்கங்க, 30 மில்லி ஆம்பியர்ல விழற ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிஞ்சா லைன தானா நிறுத்தற சுவிட்ச், இல்லாத லைன்ல போடவே போடாதீங்க, ஈரச் செடியிலயும் வேண்டாம். பேட்டரி மாடல்ல வோல்ட்ட மட்டும் பாத்து ஏமாறாதீங்க, வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்குங்க. 18 வோல்ட் 4 ஆம்பியர் ஹவர்னா 72 வாட் ஹவர், 36 வோல்ட் 2 ஆம்பியர் ஹவரும் அதே 72 தான், தாங்கற நேரம் ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒண்ணு. வீட்ல ஏற்கனவே ட்ரில்லிங் மெஷின் ஏதாவது இருந்தா அதே பேட்டரி பொருந்தற ட்ரிம்மர் கிடைக்குதான்னு பாருங்க, பேட்டரி இல்லாம உடம்ப மட்டும் வாங்கினா செலவு நல்லா குறையும். பெட்ரோல் மாடல் பெரிய தோட்டத்துக்கு தான், எடையும் சத்தமும் புகையும் அதிகம், ஒரு வீட்டு வேலிக்கு தேவையே இல்ல. ஒரே ஒரு நாள் வேலைன்னா ட்ரிம்மர வாடகைக்கு எடுக்கறது புத்திசாலித்தனம்.

உயரமா இருக்கிற இடத்துக்கு ஏணியில நின்னு ட்ரிம்மர் ஓட்டறத தயவுசெஞ்சு பண்ணாதீங்க, ரெண்டு கையும் மெஷின்ல இருக்கும், சறுக்கினா பிடிக்க கையே இல்ல. கம்பு வச்ச ட்ரிம்மரோ கம்பு வச்ச ரம்பமோ எடுத்து தரையில நின்னு வெட்டுங்க. மேல கரண்ட் கம்பி போகுதுன்னா குறைஞ்சது 10 அடி தள்ளியே இருங்க, அதுக்குள்ள கிளை போயிருந்தா மின்வாரியத்த கூப்பிடுங்க, அது நம்ம வேலை இல்ல.

கண்ணுக்கு போடற பாதுகாப்பு கண்ணாடி, தடிமனான தோல் கையுறை ரெண்டையும் கருவியோட சேத்தே வாங்கிடுங்க. காகிதப்பூ முள்ளு துணி கையுறைய தாண்டி வரும். திருகுக்கள்ளி வேலின்னா கண்ணாடி இல்லாம கிட்டயே போகாதீங்க, அந்த பால் கண்ணுல பட்டா பார்வையே கொஞ்ச நாளுக்கு போகலாம். அரளிய வெட்டினா ஆடு மாடு வாய் வைக்காத இடத்துல போடுங்க, எரிக்கவும் வேண்டாம், புகையும் விஷம்.

வெட்டற வரிசை இப்படி வச்சுக்கங்க. முதல்ல பறவைக்கூடு இருக்கான்னு பாருங்க, குஞ்சு இருந்தா பறந்து போற வரைக்கும் காத்திருங்க. அப்புறம் கொடிய இழுத்து எடுங்க, காஞ்சது எல்லாத்தையும் எடுங்க, அதுக்கே வேலி பாதி லேசாயிடும். தடிக் கிளைய ரம்பத்தால உள்ள தள்ளி வெட்டுங்க, நீங்க நினைக்கிற கோட்டுக்கு ஒரு சாண் உள்ள வெட்டினா தான் புது துளிர் வந்து கோட்டுக்கு நிக்கும். ஒரே நாள்ல மொத்தத்தையும் மொட்டையடிக்காதீங்க, மூணுல ஒரு பங்குக்கு மேல போகாம, ரொம்ப அகலமான வேலின்னா இந்த வருஷம் ஒரு பக்கம் அடுத்த வருஷம் இன்னொரு பக்கம். செம்பருத்தி, துரந்தா, மருதாணி எல்லாம் பழைய கட்டையில இருந்தும் துளிர்க்கும், ஆனா துஜா, சைப்ரஸ் மாதிரி ஊசியிலை செடில பச்சை இல்லாத இடத்துல வெட்டினா அந்த இடம் அப்படியே மொட்டையா நின்னுடும். அடி அகலமாவும் மேல குறுகலாவும் இருக்கட்டும், அப்ப தான் கீழ வரைக்கும் வெயில் படும், அடி காலியாகாது.

வேலை முடிஞ்ச அன்னிக்கே பிளேட துடைங்க, பிசின் காஞ்சுட்டா அடுத்த தடவ கத்தரி மூடவே மூடாது. மண்ணெண்ணெய் தொட்ட துணியில பிசின எடுத்துட்டு, நோய் பிடிச்ச கிளைய வெட்டியிருந்தா ஸ்பிரிட்லயும் ஒரு தடவ துடைச்சுட்டு, ஆணியில ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க. பைபாஸ் கத்தரிக்கு கூர் போடும்போது சாய்வா இருக்கிற பக்கம் மட்டும் அரத்த ஒரே திசையில இழுங்க, தட்டை பக்கத்துல அரம் படவே கூடாது, பட்டா அந்த வெளிச்சம் தெரியற இடைவெளி வந்துடும்.