பையனுக்கு சுன்னத் (முன்தோல் நீக்கம்) எப்போது வைப்பது?
பரங்கிப்பேட்டைப் பக்கம் வீட்டில் இந்தப் பேச்சு ஓடினால், முதலில் நீங்கள் எந்த மத்ஹப், அதாவது எந்த இஸ்லாமியச் சட்டப் பள்ளி, என்று பாருங்கள். ஷாஃபி என்றால் வாஜிப் (கட்டாயம்), பருவம் வந்துவிட்டால் கடமை, பிறந்த ஏழாம் நாளே சிறப்பு என்பார்கள்; ஹனஃபியில் வலியுறுத்தப்பட்ட சுன்னத், அதாவது வலியுறுத்தப்பட்ட நபிவழி. குர்ஆனில் நேரடியாக இல்லை, ஹதீஸில்தான் (நபிமொழியில்) நகம் வெட்டுவது, மீசை கத்தரிப்பது இவற்றோடு சேர்ந்து வருகிறது. இப்ராஹீம் நபி 80 வயதில் செய்துகொண்டதாகவும் ஹதீஸ் உண்டு, அதனால் தாமதமாகிவிட்டதே என்று பதற வேண்டாம்.

அப்புறம், ஒஸ்தா (வழக்கமாக சுன்னத் செய்துவிடுபவர்) வேண்டாம், அறுவை மருத்துவரிடமே போங்கள். சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருந்தால் அவர் பார்க்கும்வரை கை வைக்கவே கூடாது, பின்னால் அதைச் சரிசெய்ய அந்த முன்தோல்தான் தேவைப்படும். குடும்பத்தில் ரத்தம் உறையாத கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். மாலை, ஊர்வலம், பிரியாணி எல்லாம் நம் ஆசை, மார்க்கம் கேட்டதல்ல. கடன் வாங்கிச் செய்யாதீர்கள். தளர்வான கைலி இரண்டு எடுத்து வையுங்கள், சரியா?