டச்சுப் போர்க்கப்பலின் பெயர் யாரைக் குறிக்கிறது? கண்டறியும் முறை

டச்சுக் கடற்படைக் கப்பல் ஒன்றின் பெயருக்கு உரியவர் யார் என்று அறிய, கீழ்க்காணும் படிகளை வரிசை மாறாமல் பின்பற்றுங்கள்.

படி 1: கப்பல் பெயருக்கு முன்னால் வரும் Zr.Ms. அல்லது Hr.Ms. என்ற முன்னொட்டை நீக்குங்கள். இப்போது வழங்கும் Zr.Ms. மன்னரின் கப்பல் என்பதைக் குறிக்கிறது. அரசியர் ஆண்ட 1890 முதல் 2013 வரை அரசியின் கப்பல் (Hr.Ms.) என்றே எழுதப்பட்டதால், பழைய ஆவணங்களின் காலத்தை ஊகிக்கவும் இது உதவும்.

படி 2: எஞ்சியிருப்பது ஆள்பெயர்தானா என்று பாருங்கள். ட்ரோம்ப், டி ரூய்ட்டர், எவர்ட்சன் ஆகிய ஃபிரிகேட்டுகள் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்கள்) கடற்படைத் தளபதிகளின் பெயர்களைத் தாங்கியவை. அதே வகைக் கப்பலான டி செவன் ப்ரொவின்சியன், டி ரூய்ட்டரின் கொடிக்கப்பலுடைய (தளபதி பயணிக்கும் தலைமைக் கப்பலுடைய) பெயரைப் பெற்றது. யோஹான் டி விட் என்ற தரையிறக்கக் கப்பலுக்கு உரியவரோ அரசியல் தலைவர்.

படி 3: குடும்பப் பெயர் மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். ட்ரோம்ப் என்றால் 1653இல் போரில் இறந்த மார்ட்டனும் உண்டு, அவர் மகன் கொர்னெலிஸும் உண்டு. எவர்ட்சன் குடும்பத்தில் கொர்னெலிஸ் என்ற பெயரிலேயே மூன்று தளபதிகள் இருந்தனர்.

படி 4: ஆண்டையும், கப்பலின் பக்கவாட்டில் எழுதப்பட்டிருக்கும் அடையாள எண்ணையும் சேர்த்துக் குறியுங்கள். தொடக்கநிலையினர் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். 1942 பிப்ரவரி 27 இரவு ஜாவா கடல் போரில் டார்பீடோவால் தாக்கப்பட்ட டி ரூய்ட்டர் என்ற க்ரூசர் (ஃபிரிகேட்டைவிடப் பெரிய போர்க்கப்பல்), 17ஆம் நூற்றாண்டுத் தளபதியின் பெயரைத் தாங்கியது. அதைக் கொடிக்கப்பலாகக் கொண்டிருந்த டச்சுத் தளபதி காரெல் டோர்மன் அதனுடனேயே மாண்டார். அவருடைய பெயர், பிரிட்டனிடமிருந்து 1946இல் வந்த சிறு விமானந்தாங்கிக்கும், 1948இல் அதன் இடத்தைப் பிடித்த மற்றொன்றுக்கும், 1991இல் ஒரு ஃபிரிகேட்டுக்கும், 2015இல் ஏ 833 என்ற துணைக்கப்பலுக்கும் சூட்டப்பட்டதால், வெறுமனே காரெல் டோர்மன் என்று எழுதினால் எந்தக் கப்பல் என்பது விளங்காது.

படி 5: பதவியைச் சரிபாருங்கள், ஏனெனில் பெயருக்கு உரியவர் எல்லோரும் தளபதிகள் அல்லர். 1831 பிப்ரவரி 5 அன்று ஆண்ட்வெர்ப்பில் தம் பீரங்கிப் படகு பெல்ஜியர் கையில் சிக்கியபோது வெடிமருந்துக்குத் தீயிட்டு அதைத் தகர்த்த யான் வான் ஸ்பெய்க் வெறும் லெஃப்டினன்ட்தான். ஆயினும் கடற்படையில் அவர் பெயரில் எப்போதும் ஒரு கப்பல் இருக்க வேண்டும் என்று மன்னர் முதலாம் வில்லெம் ஆணையிட்டார். 1995இல் பணியில் சேர்ந்த எஃப் 828 அந்த மரபில் வந்தது.